'இல்லை' என்பதும் ஒரு விடை

வேப்பந்தட்டையில் இருப்பவர் கடலைப் பார்க்க விரும்பினால் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போகவேண்டும். மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. காரை கிராமத்தருகே மண்ணில் கிடைக்கும் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் அதற்குச் சான்று. அந்தக் கடல் பின்வாங்கிப் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு கணக்கு நோட்டும் பென்சிலும் இருந்தால் இங்கேயே ஒரு கடலை உண்டாக்கிவிடலாம். பத்துக்குப் பத்து கட்டம் போட்ட கடல்!

இப்படி ஒரு காட்சியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரம், மின்சாரம் இல்லை. வீட்டுத் திண்ணையில் எமர்ஜென்சி விளக்கின் இருபுறமும் பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காவும் எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் உட்கார்ந்து கப்பல் ஆட்டம் ஆடுகிறார்கள். மூன்றாவது தடவையாகத் தம்பி தோற்றுவிட்டான்.

"நீ என் நோட்டை எட்டிப் பார்க்கிறே அக்கா!"

"பார்க்கலைடா. நீ 'இல்லை'ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் எண்ணிக்கிட்டே வரேன், அவ்வளவுதான்."

"'இல்லை'ன்னா ஒண்ணும் கிடைக்கலைன்னுதானே அர்த்தம்? அதுல எண்ண என்ன இருக்கு?"

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர் இந்த ஆட்டத்தில் எளிதில் தோற்கமாட்டார். அதுமட்டுமல்ல, வங்கக் கடலின் அடியில் தொலைந்துபோன விமானத்தைத் தேடுகிற அறிவியலாளர்களுக்கும் அதே விடைதான் துணை நிற்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

ஆட்டத்தின் விதிகள்

தெரியாதவர்களுக்காக விதிகளை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆடுபவர் இருவர். ஒவ்வொருவரும் தம் நோட்டில் பத்து வரிசை, பத்து நிரல் கொண்ட கட்டத்தை வரைந்துகொள்ள வேண்டும். மேலே இடமிருந்து வலமாக அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ என்று எழுதுங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இடது மேல் மூலை அ-1. வலது கீழ் மூலை ஒ-10. ஏறத்தாழ நடுவில் இருப்பது உ-5.

இந்தக் கடலில் ஐந்து கப்பல்களை ஒளித்துவைக்க வேண்டும். ஐந்து கட்ட நீளமுள்ள கப்பல் ஒன்று, நான்கு கட்டக் கப்பல் ஒன்று, மூன்று கட்டக் கப்பல் இரண்டு, இரண்டு கட்டக் கப்பல் ஒன்று. ஆக மொத்தம் 17 கட்டங்கள். கப்பல் கிடையாகவோ நெடுக்காகவோ இருக்கலாம், மூலைவாட்டில் இருக்கக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது.

பிறகு ஆளுக்கொரு முறையாகக் கட்டத்தின் பெயரைச் சொல்லிக் குண்டு போட வேண்டும். அங்கே கப்பல் இருந்தால் எதிராளி "பட்டது" என்பார், இல்லாவிட்டால் "இல்லை" என்பார். ஒரு கப்பலின் எல்லாக் கட்டங்களிலும் குண்டு பட்டுவிட்டால் "மூழ்கியது" என்று சொல்லவேண்டும். எதிராளியின் ஐந்து கப்பல்களையும் முதலில் மூழ்கடிப்பவர் வென்றவர். நெடுங்காலமாகக் காகிதத்திலும் பென்சிலிலும் ஆடப்பட்டு வந்த இந்த ஆட்டத்தை 1967இல் மில்டன் பிராட்லி என்ற அமெரிக்க நிறுவனம் பிளாஸ்டிக் பலகையாக்கி 'பேட்டில்ஷிப்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பலகை இல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை, நோட்டுத் தாளே போதும்.

குருட்டடி அடித்தால்

எந்த யோசனையும் இல்லாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டு வருகிற கட்டத்தையெல்லாம் அடித்துக்கொண்டே போனால் எத்தனை குண்டு தேவைப்படும்? 17 கப்பல் கட்டங்களில் கடைசிக் கட்டம் எப்போது கிடைக்கும் என்பதே கேள்வி. இதற்குக் கணிதத்தில் ஓர் எளிய வாய்பாடு இருக்கிறது. 17ஐ 101ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் சராசரி கிடைக்கும். போட்டுப் பாருங்கள், 95க்குச் சற்று மேலே வருகிறது. அதாவது ஏறத்தாழ முழுக் கடலையும் குண்டால் நிரப்பியாக வேண்டும்!

ஆனால் எண்ணி ஆடும்படி கட்டளை கொடுக்கப்பட்ட கணிப்பொறி பெரும்பாலான ஆட்டங்களை 50 குண்டுகளுக்குள் முடித்துவிடுகிறது. கணிப்பொறிக்கு மறைவான கண் ஏதும் கிடையாது. தம்பியின் நோட்டை அது எட்டிப் பார்ப்பதும் இல்லை. பின் எப்படி?

எல்லாக் கட்டமும் சமமா?

ஐந்து கட்டக் கப்பலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதைக் கடலில் எத்தனை விதமாக வைக்கலாம்? ஒரு வரிசையில் அதன் தலை அ முதல் ஊ வரை ஆறு இடங்களில் தொடங்கலாம், எ-யில் தொடங்கினால் வால் கட்டத்துக்கு வெளியே போய்விடும். ஒரு வரிசைக்கு 6 என்றால் பத்து வரிசைக்கு 60. நெடுக்காக வைத்தாலும் அதேபோல் 60. மொத்தம் 120 விதங்கள்.

இந்த 120 விதங்களில் ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை விதங்கள் தொடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வரிசையில் கிடையாக வைக்கும் ஆறு விதங்களை மட்டும் கணக்கிட்டால், அ முதல் ஒ வரை இப்படி வரும்:

1, 2, 3, 4, 5, 5, 4, 3, 2, 1

ஓரத்துக் கட்டத்தைத் தொடுவது ஒரே ஒரு விதம், நடுக் கட்டத்தைத் தொடுவது ஐந்து விதங்கள். நெடுக்காக வைப்பதற்கும் இதே எண்கள்தான். ஆகவே அ-1 என்னும் மூலையைத் தொடுவது 1+1=2 விதங்கள். உ-5ஐத் தொடுவது 5+5=10 விதங்கள். கப்பலை வைத்தவர் குறிப்பான எண்ணம் ஏதுமின்றி வைத்திருந்தால், மூலையைவிட நடுவில் அது அகப்பட ஐந்து மடங்கு வாய்ப்பு இருக்கிறது.

மற்றக் கப்பல்களுக்கும் இதேபோல் கணக்கிடலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது என்ற விதியைக் கணக்கில் கொள்ளாமல் ஐந்து கப்பல்களுக்கும் சேர்த்துப் பார்த்தால், மூலையில் ஏதேனும் ஒரு கப்பல் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு, நடுவில் ஏறத்தாழ 24 விழுக்காடு. சராசரி 17 விழுக்காடு. நூறு கட்டங்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நிகழ்தகவில் அவை சமமல்ல.

இப்போது அக்காவின் முதல் குண்டைப் பாருங்கள். அவள் உ-5ஐச் சொன்னாள், தம்பி "இல்லை" என்றான். தம்பிக்கு மகிழ்ச்சி. ஆனால் அக்காவின் கணக்கில் என்ன நடந்தது? ஐந்து கட்டக் கப்பலுக்கு இருந்த 120 விதங்களில் உ-5ஐத் தொடும் 10 விதங்கள் அடிபட்டுப் போயின. மீதி 110. அவள் அ-1ஐச் சொல்லி "இல்லை" என்று கேட்டிருந்தால் அடிபடுவது இரண்டே விதங்கள், மீதி 118 இருக்கும். இரண்டுமே "இல்லை"தான். ஆனால் ஓர் "இல்லை"யின் மதிப்பு 10, மற்றோர் "இல்லை"யின் மதிப்பு 2!

கேள்வியை நல்ல இடத்தில் கேட்டால், "இல்லை" என்ற விடையும் நமக்கு வேலை செய்கிறது என்பது இதிலிருந்து புரிகிறதல்லவா?

பாதிக் கடல் போதும்

அடுத்த குண்டை எங்கே போடலாம்? உ-5க்குப் பக்கத்துக் கட்டமான ஊ-5ம் நடுக் கட்டம்தான். முதலில் அதன் எண்ணும் 10. ஆனால் உ-5இல் கப்பல் இல்லை என்று தெரிந்த பிறகு, ஊ-5ஐக் கிடையாகத் தொடக்கூடியது ஊ முதல் ஒ வரை கிடக்கும் ஒரே விதம்தான். நெடுக்காக 5 விதங்கள். ஆக மொத்தம் 6ஆகக் குறைந்துவிட்டது. மூலைவாட்டில் இருக்கும் ஊ-6க்கோ அந்த "இல்லை"யால் ஒரு குறைவும் இல்லை, அதன் எண் இன்னும் 10தான். ஆகவே அக்கா ஊ-6ஐ அடிக்கிறாள்.

இப்படி மூலைவாட்டில் தாவித் தாவிப் போனால் சதுரங்கப் பலகையின் ஒரே நிறக் கட்டங்களில் மட்டும் குண்டு விழும். அ என்பதை 1, ஆ என்பதை 2 என்று வரிசையாக எண்ணிக்கொள்ளுங்கள். எழுத்தின் எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் கூட்டினால் இரட்டைப்படை வரும் கட்டங்கள் ஒரு நிறம், ஒற்றைப்படை வருபவை மறு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் 50 கட்டங்கள். மிகச் சிறிய கப்பலே இரண்டு கட்ட நீளம். அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் ஒருபோதும் ஒரே நிறத்தில் இருக்க முடியாது. ஆகவே எந்தக் கப்பலும் இரட்டைப்படைக் கட்டம் ஒன்றையாவது தொட்டே தீரும். கப்பலைக் கண்டுபிடிக்கப் பாதிக் கடலைத் தேடினால் போதும்!

இதைவிடக் குறைத்துத் தேட முடியுமா? இரண்டு கட்டக் கப்பல் மிதக்கும்வரை, எங்கும் தப்பவிடாமல் தேடவேண்டுமானால் முடியாது. காரணம் எளிது. நூறு கட்டங்களையும் இரண்டிரண்டாக 50 சோடிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு சோடியிலும் அந்தக் கப்பல் ஒளிந்திருக்க முடியும். எனவே சோடிக்கு ஒரு குண்டாவது வேண்டும்.

ஆனால் அந்தச் சிறிய கப்பல் மூழ்கிவிட்டால் நிலைமை மாறிவிடும். மீதியுள்ளவற்றில் மிகச் சிறியது மூன்று கட்டக் கப்பல். இனிமேல் கூட்டுத்தொகை 3ஆல் மீதியின்றி வகுபடும் கட்டங்களை மட்டும் தேடினால் போதும், அவை 33. ஐந்து கட்டக் கப்பல் ஒன்றுதான் மீதி என்றால், 5ஆல் வகுபடும் 20 கட்டங்களே போதும். எதிராளியிடம் எந்தக் கப்பல்கள் மிதக்கின்றன என்பதை ஓர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, வீணாகக் குண்டை இழக்கிறார்கள்.

பட்ட பிறகு

"பட்டது" என்ற சொல் காதில் விழுந்ததும் தேடுதல் முடிந்து துரத்தல் தொடங்குகிறது. இனி நிறம் பார்க்க வேண்டியதில்லை. பட்ட கட்டத்தைச் சுற்றிலும் நான்கு பக்கத்துக் கட்டங்கள். பலர் இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஏதேனும் ஒன்றை அடிப்பார்கள். அக்கா இங்கேயும் எண்ணுகிறாள்.

ஓர் எடுத்துக்காட்டு. எதிராளியிடம் மூன்று கட்டக் கப்பல் ஒன்று மட்டும் மிதக்கிறது. இ-5இல் குண்டு பட்டுவிட்டது. முன்னதாக உ-5, இ-3, இ-7 ஆகிய இடங்களில் "இல்லை" என்ற விடை கிடைத்திருக்கிறது. கட்டத்தை வரைந்துகொண்டு மேலே படியுங்கள்.

கப்பல் கிடையாக இருந்தால் மூன்று விதங்கள் இருக்கலாம். அ-ஆ-இ, ஆ-இ-ஈ, இ-ஈ-உ. கடைசி விதம் நடக்காது, உ-5 இல்லை என்றாகிவிட்டது. மீதி இரண்டு. நெடுக்காக இருந்தால் 3-4-5, 4-5-6, 5-6-7 என்று மூன்று விதங்கள். முதல் விதத்தை இ-3உம், மூன்றாம் விதத்தை இ-7உம் அடித்துவிட்டன. மீதி ஒன்று. ஆக மொத்தம் மூன்றே விதங்கள்.

இப்போது நான்கு பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கள். ஆ-5 இரண்டு விதங்களில் வருகிறது. ஈ-5, இ-4, இ-6 ஆகியவை ஒவ்வொன்றும் ஒரே விதத்தில் வருகின்றன. ஆகவே அடிக்க வேண்டியது ஆ-5. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு.

அடித்தாயிற்று. எதிராளி "பட்டது" என்றால் கப்பல் கிடையாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது கட்டம் அ-5ஆ, ஈ-5ஆ? இரண்டுக்கும் சம வாய்ப்பு, உறுதியாகச் சொல்ல முடியாது. எதிராளி "இல்லை" என்றால்? கிடையான இரண்டு விதங்களும் ஒரே அடியில் போயின. மீதியிருப்பது ஒரே விதம். கப்பல் இ-4, இ-5, இ-6இல்தான் இருக்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லை!

இதைச் சற்று நின்று யோசியுங்கள். "பட்டது" என்ற விடை நம்மை ஐயத்தில் விட்டது, "இல்லை" என்ற விடையோ கப்பல் முழுவதையும் காட்டிக்கொடுத்துவிட்டது. 'இல்லை'யில் எண்ண என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பட்ட கட்டங்கள் வரிசையாக இருந்தால் அவை ஒரே கப்பலுடையவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டு கப்பல்கள் ஒட்டி நிற்கலாம். மூன்று கட்டக் கப்பல் மூழ்கிவிட்டது, ஆனால் நீங்கள் போட்டதில் நான்கு பட்டிருக்கிறது என்றால், அந்த நான்காவது கட்டம் வேறொரு கப்பலின் உடல். பட்டவற்றையும் மூழ்கியவற்றையும் சரிபார்த்துக்கொண்டே வாருங்கள்.

ஒளித்துவைப்பவருக்கு ஒரு வார்த்தை

எதிராளி நடுவில்தான் முதலில் அடிப்பார் என்றால் கப்பல்களை ஓரத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். ஓரிரு ஆட்டங்களுக்கு அது பலிக்கும். பிறகு எதிராளி உங்கள் பழக்கத்தைக் கண்டுகொள்வார், ஓரங்களையே அடிப்பார். நீங்கள் எப்போதும் ஒரே மாதிரி வைக்கும்வரை, அந்தப் பழக்கமே எதிராளிக்கு வழிகாட்டி. ஆகவே சில கப்பல்களை ஓரத்தில் வையுங்கள், சிலவற்றை உள்ளே வையுங்கள். எதை எங்கே என்பதை உங்கள் மனத்திடம் விடாமல் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். உங்களுக்கே முன்கூட்டித் தெரியாத ஒன்றை எதிராளி ஊகிக்க முடியாதல்லவா?

நிசக் கடல் நோட்டுக் கடல் அல்ல

நோட்டுக் கடலில் இரண்டு வசதிகள் உண்டு. கப்பல் நகராது. எதிராளி பொய் சொல்லமாட்டார். நிசக் கடலில் இந்த இரண்டுமே கிடையாது.

முதலில் நகரும் கப்பலைப் பார்ப்போம். மிகவும் தந்திரமான ஆளை நம் ஊர்களில் "சரியான எம்டன்!" என்பார்கள். எம்டன் ஒரு செர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப் போரின்போது 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அது சென்னைக்கு அருகே வந்து, துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகளின் மீது ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. எம்டன் இருளில் மறைந்துவிட்டது. பிரிட்டனும் அதன் நேச நாடுகளும் பல கப்பல்களை அனுப்பித் தேடின. ஆனால் நேற்று ஓரிடத்தில் எம்டன் இல்லை என்று தெரிந்தால், இன்றும் அது அங்கே இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. ஓடும் கப்பலைத் தேடும்போது "இல்லை" என்ற விடை நாளாக நாளாகப் பழசாகி மதிப்பிழக்கிறது. கடைசியில் நவம்பர் 9ஆம் நாள் இந்துமாக்கடலின் கோகோஸ் தீவுகளில் இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆட்களை இறக்கியபோது, நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்பிவிட்டனர். அருகே சென்றுகொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்து எம்டனை முறியடித்தது.

இனி இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். தேடியவர் கண்ணில் படவில்லை என்பதாலேயே பொருள் அங்கே இல்லை என்று ஆகிவிடுமா?

சோளக்காட்டில் ஆடு

வேப்பந்தட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆளுயரம் வளர்ந்த மக்காச்சோளக் காட்டில் ஆடு நுழைந்துவிட்டால், இரண்டு சால் தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஆட்டின் கயிறு தட்டையில் சிக்கிக்கொண்டது, அது ஒரே இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மேலக்காட்டில் இருக்க 60 விழுக்காடு வாய்ப்பு, கீழக்காட்டில் இருக்க 40 விழுக்காடு. ஒரு காட்டில் ஆடு இருந்தால், ஒரு முறை தேடும்போது அது அகப்பட 80 விழுக்காடு வாய்ப்பு. முதலில் எங்கே தேடுவோம்? மேலக்காட்டில்தான். தேடினோம், கிடைக்கவில்லை. இப்போது வாய்ப்புகள் என்ன?

இதேபோன்ற நூறு மாலைப் பொழுதுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 60 மாலைகளில் ஆடு மேலக்காட்டில் நிற்கிறது. அவற்றில் 48 மாலைகளில் கிடைத்துவிடும், 12 மாலைகளில் அங்கேயே நின்றும் கண்ணில் படாது. மீதி 40 மாலைகளில் ஆடு கீழக்காட்டில். ஆக ஆடு கிடைக்காத மாலைகள் 12+40=52. அவற்றில் மேலக்காடு 12, அதாவது ஏறத்தாழ 23 விழுக்காடு. கீழக்காடு 40, ஏறத்தாழ 77 விழுக்காடு. மேலக்காட்டின் வாய்ப்பு குறைந்தது, ஆனால் பூச்சியம் ஆகிவிடவில்லை.

அடுத்து கீழக்காட்டில் தேடுகிறோம். அங்கும் கிடைக்கவில்லை. அந்த 40இல் 32 மாலைகளில் ஆடு அகப்பட்டிருக்கும், 8 மாலைகளில் அகப்பட்டிராது. இப்போது மேலக்காட்டுக்கு 12, கீழக்காட்டுக்கு 8. மேலக்காட்டின் வாய்ப்பு 20இல் 12, அதாவது மறுபடியும் 60 விழுக்காடு! ஆகவே அடுத்தபடியாகத் தேட வேண்டியது, ஏற்கெனவே தேடி முடித்த மேலக்காட்டைத்தான். "அங்கேதான் பார்த்தாயிற்றே" என்று அந்தக் காட்டை விட்டுவிடுகிறவர் ஆட்டை இழப்பார்.

புதிய செய்தி கிடைக்கும்போதெல்லாம் பழைய வாய்ப்பைத் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்குத் தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயரின் பெயர் வழங்குகிறது. அவர் இறந்த பிறகு 1763இல் அவருடைய கட்டுரை வெளியாயிற்று.

கடலடியில் தேடியவர்கள்

2009 சூன் 1ஆம் நாள் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்று அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 228 பேரும் உயிரிழந்தனர். விபத்தின் காரணத்தை அறியக் கடலடியில் கிடக்கும் பதிவுக் கருவிகளை எடுத்தாக வேண்டும். அவற்றோடு இணைந்த ஒலிக்கருவிகள் ஏறத்தாழ ஒரு மாதம் ஒலி எழுப்பும்படி செய்யப்பட்டவை. கப்பல்கள் அந்த ஒலியைக் கேட்க முயன்றன. ஒன்றும் கேட்கவில்லை. ஒலி கேட்காத பகுதியில் விமானம் இருக்க வாய்ப்பில்லை என்று கருதி, அடுத்து வந்த தேடல்கள் பெரிதும் வேறு இடங்களுக்குத் திரும்பின. அங்கும் கிடைக்கவில்லை.

2011இல் கணித அறிஞர்கள் எல்லா "இல்லை"களையும் மறுபடியும் எடுத்து எடைபோட்டார்கள். இரண்டு ஒலிக்கருவிகளுமே பழுதாகியிருந்தால்? அப்படியானால் ஒலி கேட்காததால் கிடைத்த "இல்லை"க்கு மதிப்பே இல்லை. அந்த வாய்ப்பையும் கணக்கில் சேர்த்தபோது, விமானத்தின் கடைசி இருப்பிடத்துக்கு அருகே, ஏற்கெனவே விலக்கப்பட்ட பகுதியின் வாய்ப்பு மளமளவென்று உயர்ந்தது. அங்கே புதிய தேடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், ஏப்ரல் 3ஆம் நாள், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் அவர்களுடைய மேலக்காடு!

நம் கடலிலும் இத்தகைய தேடல்கள் நடந்திருக்கின்றன. 2015 சூன் 8ஆம் நாள் இந்தியக் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று பேருடன் தமிழகக் கடற்கரைக்கு அப்பால் காணாமற் போனது. சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் அதன் ஒலிக்கருவியின் ஒலியைக் கேட்டது. அடுத்த மாதமே பதிவுக் கருவி மீட்கப்பட்டது. இங்கே தொலைந்த பொருளே குரல் கொடுத்தது.

2016 சூலை 22ஆம் நாள் காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என்-32 விமானமோ குரல் கொடுக்கவில்லை. அதில் 29 பேர் இருந்தனர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் வங்கக் கடலைச் சல்லடையாகச் சலித்தும் தடயம் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஆளில்லாமல் தானே இயங்கும் நீர்மூழ்கிக் கருவியைக் கடலடிக்கு அனுப்பி, ஒலியலைகளாலும் நிழற்படங்களாலும் தேடியது. 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகள் தென்பட்டன. 2024 சனவரியில் செய்தி வெளியிடப்பட்டது.

அது அந்த விமானம்தான் என்று எப்படிச் சொன்னார்கள்? சிதைவுகளின் படங்கள் ஏ.என்-32 விமானத்தோடு ஒத்துப்போயின. அத்துடன் இன்னொரு காரணமும் காட்டினார்கள். அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமற் போனதாகப் பதிவு இல்லை. இங்கேயும் ஓர் "இல்லை" சாட்சி சொன்னது! 29 குடும்பங்கள் ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது.

ஆகவே கப்பல் ஆட்டத்தில் குண்டு தவறினால் முகம் சுளிக்காதீர்கள். அந்த "இல்லை" எதையெல்லாம் அடித்துவிட்டது என்று எண்ணுங்கள். வெளியே, நிச வாழ்வில் தேடும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த "இல்லை"யை எவ்வளவு நம்பலாம்?

திண்ணையில் நான்காவது ஆட்டம் தொடங்கிவிட்டது. தம்பி நோட்டின் ஓரத்தில் ஏதோ கணக்குப் போடுகிறான். இப்போது நோட்டை மறைத்துப் பிடித்திருப்பவள் அக்கா.

செய்து பாருங்கள்

1. நான்கு கட்டக் கப்பலைப் பத்துக்குப் பத்துக் கடலில் எத்தனை விதமாக வைக்கலாம்? உ-5இல் "இல்லை" என்றால் எத்தனை விதங்கள் மீதியிருக்கும்?

2. ஆடு மூன்று காடுகளில் ஒன்றில் நிற்கிறது. வாய்ப்புகள் முறையே 50, 30, 20 விழுக்காடு. ஒரு முறை தேடினால் அகப்பட 80 விழுக்காடு வாய்ப்பு. முதல் இரண்டு காடுகளிலும் ஒவ்வொரு முறை தேடியும் கிடைக்கவில்லை. இப்போது மூன்றாம் காட்டின் வாய்ப்பு என்ன?

3. நண்பரைக் கப்பல்களை ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். சீட்டுக் குலுக்கி ஐந்து ஆட்டம், எண்ணிப் பார்த்து ஐந்து ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை குண்டு ஆயிற்று என்று அட்டவணை எழுதிச் சராசரி காணுங்கள்.

விடைகள்: (1) 140 விதங்கள். உ-5ஐத் தொடுபவை 8, மீதி 132. (2) மீதியுள்ளவை 10, 6, 20. மூன்றாம் காட்டுக்கு 36இல் 20, ஏறத்தாழ 56 விழுக்காடு. (3) உங்கள் அட்டவணையே விடை.